கேமரா அறையில் கேட்காத இருமல்

போன வாரம் உங்கள் குடும்ப சிகிச்சைப் பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்து, முதல் வரிசையில் உட்காரவைத்து, ஒரு செல்போன் செயலியைக் காட்டினீர்கள். வேலைக்காக ஊரைவிட்டு வந்திருக்கும் தொழிலாளி அதில் தினமும் ஒரு முகத்தைத் தொட வேண்டும். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். அதை வைத்து அவருடைய குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் கணினி சொல்லிவிடுமாம். காட்டி முடித்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு வாயில் வந்ததை விழுங்கியதற்குக் காரணம் மரியாதை இல்லை. உங்கள் வயதில் நான் இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை இதைவிட அழகாக மேடையில் காட்டியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. எனவே முதலில் என் கதை.

நான் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் பிறந்தவள். வெளிநாட்டில் குடும்ப சிகிச்சை படித்து, முனைவர் பட்டத்தோடு தொண்ணூறுகளின் நடுவில் திரும்பி வந்தேன். அப்போது செங்கல்பட்டில் "நான் குடும்ப சிகிச்சையாளர்" என்று சொன்னால், "குடும்பக் கட்டுப்பாடா, அது பெரிய ஆஸ்பத்திரியில" என்று வழி சொல்வார்கள். அவர்களையெல்லாம் நான் இளக்காரமாகப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கோட்பாடுகள் இவர்களுக்குத் தெரியாதே என்று ஒரு பரிதாபம் வேறு.

செங்கல்பட்டிலேயே ஓர் ஆய்வு மையத்தில் வேலை கிடைத்தது. மகாபலிபுரம் கடற்கரையை ஒட்டிய ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பங்கள்தான் எங்கள் ஆய்வு. ஆரம்பத்தில் அந்தப் பெண்கள் கணவனுக்கு கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். பிறகு தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்டர்நெட் வந்ததும், எங்கள் இயக்குநருக்கு ஒரு ஞானோதயம் வந்தது. கணவன் அங்கே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். மனைவி இங்கே எங்கள் அறையில் கேமரா முன்னால் உட்கார வேண்டும். சிகிச்சையாளர் மனைவியின் பக்கத்தில் இருந்து பேச்சை நடத்த வேண்டும். கடல் கடந்த குடும்ப சிகிச்சை.

இயக்குநரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதியவர். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்குப் பண உதவி வந்தது. மகாபலிபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையை எடுத்து, ஏ.சி. போட்டு, சுவரில் சூரிய உதயப் படம் மாட்டினோம்.

அந்த அறைக்கு வந்தவள்தான் ஜமீலா. கடற்கரையோரம் ஒரு சந்தை ஊரில் அவள் வீடு. அவளுடைய கணவர் சிக்கந்தர் வளைகுடாவில் சீருடை தைக்கும் ஒரு பட்டறையில் தையல்காரர். நான்கு வயது மகள் ரிஸ்வானா. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், ஒவ்வொரு வெள்ளியும் மதியம் தொழுகை முடிந்த பிறகு சிக்கந்தர் தன் அறைக்குக் கீழே இருக்கும் நெட் கடையில் வந்து உட்காருவார். இங்கே ஜமீலா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்தில் நான், கையில் படிவத்தோடு.

எங்களுடைய நட்சத்திரக் குடும்பம் அது. நேரம் தவறாமல் வருவார்கள். சண்டை போடமாட்டார்கள். 'உங்கள் கணவருடன் எவ்வளவு நெருக்கமாக உணர்கிறீர்கள்' என்ற கேள்விக்கு ஜமீலா வாரா வாரம் ஒரு மதிப்பெண் கூட்டிச் சொல்வாள். அவளுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கூட்டிச் சொன்னால் என் முகம் மலர்கிறது என்பதைக் கண்டுபிடித்து, பாவம் என்று கூட்டிச் சொன்னாளாம்.

ஒரே ஒரு குறை. சிக்கந்தர் பேசும்போது அடிக்கடி ஒலி நின்றுவிடும். படம் தெரியும், வாய் மூடியிருக்கும், சத்தம் இருக்காது. பத்து வினாடி, இருபது வினாடி கழித்து மறுபடி குரல் வரும். நான் படிவத்தில் அதற்கென்று இருந்த கட்டத்தில் 'இணைப்புக் கோளாறு' என்று எழுதுவேன். ஒரு வெள்ளிக்கிழமை ஏழு முறை எழுதியிருக்கிறேன். அதற்காக ஒரு பொறியாளரை வரவழைத்து வயரைக்கூட மாற்றினோம்.

இன்னொன்றும் இருந்தது. ரிஸ்வானா இளைத்துக்கொண்டே வந்தாள். மாலையானால் உடம்பு கதகதவென்று இருக்கிறது, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று ஜமீலா சொன்னாள்.

"ஒண்ணுமே துன்ன மாட்டேங்குது மேடம். செங்கல்பட்டுக்கு இட்டுகினு போய் டாக்டராண்ட காட்டலாம்னு கீறேன்" என்றாள்.

நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. "டாக்டர் வேண்டாம் ஜமீலா. இது அப்பாவைப் பிரிஞ்ச ஏக்கம். பிள்ளைங்க மனசில இருக்கிறதை உடம்பாலதான் சொல்லும். மருந்து ஊசின்னு பயமுறுத்தாதே. வெள்ளிக்கிழமைகள்ல அப்பாகிட்ட இன்னும் கொஞ்சம் கூடுதலா பேச விடு" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் வெளிநாட்டில் படித்தவள் அல்லவா. அன்று மாலையே அந்தக் குழந்தையின் பசியின்மையைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். மிக நன்றாக வந்திருந்தது.

அடுத்த மாதம் எங்களுக்கு உதவி தருபவர்கள் வெளிநாட்டிலிருந்து நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் ஒரு குடும்பத்தின் உரையாடலை நடத்திக் காட்ட வேண்டும். எந்தக் குடும்பம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, உரையாடல் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது ஜமீலா நின்றாள்.

"மேடம், லைன் ஒண்ணும் கெட்டுப்போவல" என்றாள்.

"பின்னே?"

"அவருதான் மைக்கை அமுத்தி வெச்சிகினு கீறாரு. சத்தம் நிக்கிறப்ப தோளைப் பாருங்க. குலுங்குது. வாயை மூடிகினே இருமுறாரு. போன வருஷம் லீவுல வந்தப்பவே இருமல்தான். தூசுன்னாரு. இப்ப கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு."

"நீ கேட்டியா?"

"கேட்டா சொல்ல மாட்டாரு. அங்க விசா புதுப்பிக்கறப்ப நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பாங்களாம். புள்ளி கிள்ளி தெரிஞ்சா அப்பிடியே ஏரோப்ளேன் ஏத்திடுவானாம். அதுக்கு பயந்துகினுதான் டாக்டராண்ட போவாம கீறாரு."

பல மாதங்களாக அந்த மனிதரின் முகத்துக்கு முன்னால் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவள் நான். தோள் குலுங்கியதை நான் பார்க்கவில்லை. என் கண் படிவத்தில் இருந்தது.

நேராக இயக்குநரிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டார். நல்ல கேட்பாளர் என்று அவருக்குப் பெயர். "இது மனைவியோட பதற்றம். நாம நடுநிலையில நிக்கணும். அவர் தானாகச் சொல்ற வரைக்கும் நாம எடுக்கக்கூடாது. அதுவும் விருந்தாளிங்க வர்ற நேரத்துல குடும்பத்தோட சமநிலையைக் குலைக்க வேண்டாம். வந்துட்டுப் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார்.

நான் எதிர்த்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் காத்திருந்தேன். உங்களில் யாராவது 'நடுநிலை' என்ற சொல்லைத் தொழில் நெறி என்று நம்பிக்கொண்டிருந்தால், அது பல சமயம் மேலதிகாரியின் காலண்டருக்கு நாம் வைக்கும் நாகரிகமான பெயர் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விருந்தாளிகள் வந்தார்கள். அறையில் மல்லிகைப்பூ, குளிர்பானம், கூடுதலாக ஐந்து நாற்காலி. ஜமீலா புது சேலையில் வந்திருந்தாள். ரிஸ்வானா அவள் தோளிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். சிக்கந்தர் திரையில் தெரிந்தார். நலம் விசாரித்தார்கள். சிரித்தார்கள். நான்காவது நிமிடத்தில் ஒலி நின்றது. இந்தத் தடவை நான் தோளைப் பார்த்தேன். ஜமீலா சொன்னது சரி. தோள் மட்டுமில்லை, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கட்டி, அந்த மனிதர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருமிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் வாயை மூடி வைத்திருந்த குற்ற உணர்ச்சி ஒருபக்கம். பத்து கண்கள் என்னைப் பார்க்கின்றன என்ற நினைப்பு இன்னொரு பக்கம். எது அதிகம் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. குரல் திரும்பியதும் மைக்கில் உரக்கக் கேட்டேன்: "சிக்கந்தர், இருமலை எதுக்கு மறைக்கிறீங்க? ரத்தம் வருதா? டி.பி.யா இருக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமா?"

இங்கே எங்கள் அறை பூட்டியிருந்தது. அங்கே அது நெட் கடை. ஸ்பீக்கர் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மதியம். அவருக்குப் பின்னால் அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள் தங்கள் முறைக்காகக் காத்து நின்றிருந்தார்கள். எங்களுக்குக் கேமராவில் தெரிந்துகொண்டிருந்த சட்டைகள் அவர்களுடையவைதான். ஒரு சட்டை பின்னால் நகர்ந்தது. அப்புறம் இன்னொன்று. சிக்கந்தர் திரும்பிப் பார்த்தார். "அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றார், மிகவும் மரியாதையாக. திரை கறுப்பானது.

விருந்தாளிகளில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உத்தியை இவ்வளவு துணிச்சலாகக் கையாண்டவரைத் தான் பார்த்ததில்லை என்றார். இயக்குநர் பெருமையோடு சிரித்தார். ஜமீலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

அடுத்த வெள்ளி சிக்கந்தர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை ஜமீலா செங்கல்பட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ரூம்ல அவரை சேக்க மாட்டேன்னுட்டாங்க. பெட்டியைத் தூக்கி வெளிய வெச்சிட்டாங்க. பட்டறையில துணி மூட்டை மேல படுத்துகினு கீறாராம். எங்க ஊரு ஆளு ஒருத்தரு பார்த்துட்டு போன் பண்ணாரு" என்றாள்.

நாற்காலியை மறுபடி அவள் பக்கம் தள்ளினேன்.

"ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க மேடம். பாப்பாவுக்கு டி.பி.ன்னு எழுதுங்க. அவரு முதலாளி அதைப் பார்த்தா அவசர லீவு குடுப்பான். இவரும் தன் சீக்குக்காவ வர மாட்டாரு, பாப்பாவுக்குன்னா வருவாரு. இங்க வந்துட்டாருன்னா நான் பார்த்துக்கிறேன்."

"அது பொய் ஜமீலா. இல்லாத நோயை இருக்குன்னு நான் எழுதித் தர முடியாது. அதுவும் குழந்தை மேல."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"வாரா வாரம் அந்த ஃபாரத்துல எவ்ளோ எழுதிகினீங்க. லைன் கெட்டுப்போச்சுன்னு எழுதுனீங்க. நெருக்கம் கூடிச்சுன்னு எழுதுனீங்க. அதெல்லாம் நெசமா? எனக்கோசரம் ஒரே ஒரு பொய்யி எழுத முடியாதா?"

நான் எழுதவில்லை. அதுதான் அந்த வருடம் நான் செய்த ஒரே சரியான காரியம், அதையும் வேறு வழி தெரியாமல்தான் செய்தேன். ஆனால் அவளை வெறுங்கையோடு அனுப்பவும் முடியவில்லை. எழுந்து, "வா, நெஞ்சு டாக்டர்கிட்ட போகலாம். சிக்கந்தரை எப்படி வரவழைக்கிறதுன்னு அவரையே கேட்போம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் ஓய்வுபெறும் வயதில் இருந்தார். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் நான் என் ஆய்வைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஜமீலாவின் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தார். குழந்தையின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துத் தடவினார். காதுக்குக் கீழே ஓரிடத்தில் விரல் நின்றது.

"எத்தனை நாளா நெறி கட்டியிருக்கு?"

"ரெண்டு மூணு மாசம் இருக்கும் சார்" என்றாள் ஜமீலா.

"சாயங்காலம் ஜுரம்? சாப்பாடு இறங்கலையா? வீட்டில யாருக்கு இருமல்?"

"இவ அத்தாவுக்கு. வெளிநாட்டுல கீறாரு. போன வருஷம் ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போனாரு."

"இவ்வளவு நாள் ஏம்மா கூட்டிட்டு வரலை?"

ஜமீலா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். அப்பாவைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்து, டாக்டர் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன் என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "ஏம்மா, நீங்க இந்தப் புள்ளையை வாரா வாரம் பார்த்தீங்க இல்ல?"

"ஆமாம்."

"ஒரு தடவையாவது தூக்கியிருக்கீங்களா?"

தூக்கியதில்லை.

"தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, என்னை விட்டுவிட்டு ஜமீலாவிடம் பேச ஆரம்பித்தார். அதன் பிறகு அந்த அறையில் நான் ஒரு நாற்காலிக்குச் சமம்.

கையில் டி.பி. சோதனை ஊசி போட்டு மூன்றாம் நாள் பார்த்தார்கள். நன்றாகத் தடித்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பிரைமரி காம்ப்ளக்ஸ். குழந்தைகளுக்கு வரும் டி.பி. ஜமீலாவுக்கு எதுவுமில்லை. எந்தப் பொய்யை எழுத மாட்டேன் என்று நான் கொள்கை பேசினேனோ, அதை அந்த டாக்டர் உண்மையாகவே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

கடிதத்தை ஃபேக்ஸில் பட்டறைக்கு அனுப்பினோம். முதலாளி அவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்குள் சிக்கந்தரிடம் நாங்கள் பேச வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் அவரைப் பட்டறை போனுக்குக் கூட்டிவருவதாகச் சொன்ன நேரத்துக்கு, ஜமீலாவும் நானும் செங்கல்பட்டில் ஓர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். வழியெல்லாம் நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். எடுத்ததும் நோயைச் சொல்லாதே, முதலில் அவர் மனநிலையைக் கேள், அவருக்குக் குற்ற உணர்ச்சி வராதபடி சொல், இப்படி ஒரு வாக்கியம், அப்படி ஒரு வாக்கியம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன்.

அவள் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். போன் கிடைத்தது.

"மச்சான், நான்தான். பாப்பாவுக்கு டி.பி. உங்களாண்டேர்ந்து வந்துது. மருந்து ஆரம்பிச்சிட்டாங்க, சரியாப்பூடும்னு டாக்டர் சொல்றாரு. உங்களுக்கும் சரியாப்பூடும். கெளம்பி வாங்க."

அவ்வளவுதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு மறுமுனை கேட்கவில்லை. ஜமீலா கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "அழுவாதீங்க. இருமல் வருதுல்ல, மறைக்காம இருமுங்க. நான் கேட்டுகினு கீறேன்" என்றாள். நெடுநேரம் அப்படியே ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் சிக்கந்தர் வந்து இறங்கினார். சளியில் கிருமி நிறைய இருந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்தே மாத்திரை சாப்பிட்டார்கள். அரையாண்டுக்கு மேல் ஆனது. இரண்டு பேருக்கும் குணமானது. சிக்கந்தர் திரும்பிப் போகவில்லை. மறைமலைநகரில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தார்.

இதற்கிடையில் எங்கள் கட்டுரை வெளியானது. முதல் பெயர் இயக்குநருடையது, இரண்டாவது என்னுடையது. அதில் ஜமீலா குடும்பம் 'குறிப்பிடத்தக்க வெற்றி'யாக இடம்பெற்றிருந்தது. கேமரா உரையாடல்கள் நெருக்கத்தைக் கூட்டியதன் விளைவாகக் கணவர் நிரந்தரமாகவே குடும்பத்துடன் இணைந்தார் என்று ஒரு வரி. நான் அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அச்சில் பார்த்தபோதுதான் அது பச்சைப் பொய் என்று உறைத்தது.

ஜமீலா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கட்டுரையை மறுத்து, நடந்ததை எழுதப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோங்க. எங்க பேரு வாணாம். உங்க பேரைப் போடுங்க" என்றாள்.

அந்த இதழுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, துரோகம் என்ற சொல்லை மூன்று மொழியில் சொன்னார். அந்த வருடமே என்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டு வகுப்பெடுக்க அனுப்பினார்கள். நான் ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்தது அந்தத் தண்டனையால்தான். பல மாதம் கழித்து இதழின் கடைசிப் பக்கத்தில், ஒரு மூலையில், திருத்தத்தைப் போட்டார்கள்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஜமீலா வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் பெருமையோடுதான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் இருந்ததால் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் கையை நிறுத்தினாள்.

"அவரு இருமுனது இதுல கீது. நீங்க எல்லார் எதிர்லயும் கேட்டது கீது. பாப்பாவை டாக்டராண்ட காட்ட வாணாம்னு சொன்னது எங்க?"

காகிதத்தைத் திரும்பப் பார்த்தேன். தெரிந்தும் பார்த்தேன். அந்த வரி அதில் இல்லை. நான் எழுதவில்லை.

ஜமீலா மிச்சக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.